ஆறு வற்றிய ஆண்டு

எலுவன்குளத்தருகே, வில்பத்துக் காட்டின் தென்னோரத்தைத் தழுவிக் கடல்நோக்கிச் செல்லும் கலா ஓயாவை மார்கழியிற் கண்டவர், ஆவணியிற் காணின் அதே ஆறெனக் கொள்ளத் தயங்குவர். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பாதையை மூடிப் பாயும் வெள்ளம், கோடையில் மெலிந்து மணலிடையே குட்டைகளாகத் தேங்கிவிடுகிறது. நீரின் இம்மாற்றத்தோடு அதில் வாழும் பூச்சியினங்களும் மாறுகின்றன. அம்மாற்றம் இத்தீவின் வரலாற்றிற் பெருந்துயரொன்றை விளைத்தது என்பதனை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

வெப்பவலயக் காட்டாறுகளிற் பருவத்தைத் தீர்மானிப்பது குளிரன்று, மழையே. நீரோட்டம் உள்ளவரை, கல்லையும் வேரையும் பற்றிக்கொண்டு, ஓடும் நீர் கொணரும் உணவையும் ஒட்சிசனையும் நம்பி வாழும் குடம்பிகளே மிகுதியாகும். மணலைக் கோத்துத் தமக்குக் கூடமைத்துக் கொள்வனவும் அவற்றுள் உள. பெருவெள்ளம் இவற்றையும் வாரிச் செல்லும். எனினும் வெள்ளந் தணிந்த சில வாரங்களில் மீளக் குடியேறிவிடும். ஓட்டம் நின்றதும் இவை குன்ற, தும்பியின் இளம் பருவங்களும் நீர்வண்டுகளும் மல்லாந்து நீந்தும் பூச்சிகளும் குட்டைகளைக் கைக்கொள்கின்றன. இவற்றுட் பல ஊனுண்ணிகள். ஆனால் இவை பெருகக் காலம் வேண்டும். அதற்குமுன், வெயில் படும் தெளிந்த புதுக்குட்டையை நாடி வந்து முட்டையிடுவது அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. முட்டை நுளம்பாதற்கு ஏறக்குறையப் பத்து நாட்களே போதும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பியதில் முதன்மையானது இந்நுளம்பே.

இனி, இன்றைய புத்தளம் மாவட்டத்தின் வரைபடத்தை நோக்குவோம். வடபால் கலா ஓயா. நடுவே சிலாபத்தருகே தெதுறு ஓயா. தென்னெல்லையில் மகா ஓயா. வடபால் வறள்வலயத்திற் குட்டைகள் ஆண்டுதோறும் தோன்றுவன. ஆதலின் காய்ச்சலும் ஆண்டுதோறும் வந்தது. குழந்தைகள் பலரை அது கொண்டுபோயிற்று. எஞ்சியோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றனர். மற்றைய இரண்டின் மேற்பகுதிகளிலோ தென்மேற் பருவமழை ஆற்றை ஓடவைத்து நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றது. அங்குள்ள மக்கள் அந்நோயை அவ்வளவாக அறியார்.

1934இல் அம்மழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும், கலா ஓயாவின் கோடைக்கோலத்தைப் பூண்டன எனலாம். ஒக்டோபரில் வெடித்த காய்ச்சல் கேகாலை, குருநாகல் பகுதிகளிற் காட்டுத்தீயெனப் பரவிற்று. 1935 ஏப்பிரல்வரை ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர். அன்று தீவின் மக்கட்டொகையே 55 இலட்சத்தை அண்மியதுதான். மருத்துவப் பணிப்பாளர் பிரியர்கிளிவ் 1935இல் வெளியிட்ட அறிக்கை ஆறுகளின் வறட்சியை விரிவாகப் பேசுகிறது. வறட்சி மட்டுமே கொன்றதன்று என்பது என் கருத்து. பொருளாதார மந்தத்தால் ஏலவே மெலிந்திருந்த உடல்களையே காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. சூரியமல் இயக்கத்தினர் ஊரூராகச் சென்று மருந்தும் பருப்பும் வழங்கியமை, இடதுசாரி அரசியல் கிராமங்களில் வேரூன்ற வழிவகுத்தது. ஆற்றுக் குட்டையிற் பிறந்த வரலாறு சட்டசபைவரை சென்றது.

பின்னர் டீ.டீ.ரீ. வந்தது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. தெளித்தலும் கண்காணிப்பும் தளர்ந்தன, மழையும் குறைந்தது, 1969இல் அத்தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. நஞ்சினால் மட்டும் வெல்லல் அரிதென உணர்ந்த ஆய்வாளர், 1990களில் வடமத்திய மாகாணத்து யான் ஓயாவில் வேறொரு வழியை ஆராய்ந்தனர். நீர்த்தேக்கத்து நீரை முறையாக விடுத்து ஆற்றை ஓடவைப்பின் குட்டைகள் தோன்றா என்பதே அது. மழை செய்துவந்த பணியை மதகு செய்யுமா என்பதே வினா.

உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளி 2012இற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், எலுவன்குளத்துக்கு வடக்கே மன்னாரில், அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவது. ஆறு ஓடினாலென்ன, வற்றினாலென்ன, அதற்கு ஒன்றே.