பீட்டர் அபேல்

பீட்டர் அபேல் (பிறப்பு: 1977, ஆன்ட்வெர்ப், பெல்ஜியம்) ரோபோக்களுக்கு வேலை பழக்கும் ஆய்வில் முன்னணியில் உள்ள கணினி அறிவியலாளர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். அசைவு ஒவ்வொன்றையும் பொறியாளர் எழுதித்தராமல், ரோபோ பார்த்தும் பழகியும் தானே கற்கவேண்டும் என்பது அவருடைய துறை.

லூவனில் மின்பொறியியல் படித்தவர், ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ இங்கிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டர். தேர்ந்த விமானி ஒரே சாகசத்தைத் தொலைவிலிருந்து இயக்கிப் பலமுறை செய்துகாட்டுவார். ஒன்றாவது பிசகில்லாமல் அமையாது. அத்தனை பிசகுகளுக்கும் அடியில், விமானி செய்ய நினைத்தது எது என்பதைக் கணித்துப் பறந்தது அந்த ஹெலிகாப்டர். குருவின் கையைவிடக் குருவின் எண்ணத்தைப் பின்பற்றிய சீடன் என்றே சொல்லலாம்.

2008இல் பெர்க்லியில் சேர்ந்தார். 2010இல் அவர் குழுவின் ரோபோ, முன்பின் பார்த்திராத துண்டுகளைக் குவியலிலிருந்து எடுத்து மடித்தது. ஒரு துண்டுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. வீட்டில் யாரும் இவ்வளவு பொறுக்கமாட்டார்கள். ஆனால் எடுக்க எடுக்க வடிவம் மாறும் துணி, ரோபோவுக்கு இரும்பைவிடக் கடினமான பொருள்.

2015இல் செர்கே லெவின், செல்சி ஃபின் முதலியோருடன் செய்த ஆய்வு துறையின் போக்கையே மாற்றியது. கேமரா படத்திலிருந்து மோட்டாருக்கான கட்டளைவரை எல்லாவற்றையும் ஒரே நரம்பியல் வலைப்பின்னல் கற்றது. புட்டிக்கு மூடி திருகவும் சட்டை மாட்டியைக் கம்பியில் தொங்கவிடவும் ரோபோ பழகியது.

அடுத்த தடை அனுபவப் பஞ்சம். ஆய்வகத்தில் ரோபோ சில பொருள்களையே தொடும். கிடங்கிலோ நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து விழும். 2016இல் ஓப்பன்ஏஐயில் சேர்ந்த அபேல், 2017இல் விலகி, தம் மாணவர் மூவருடன் பின்னாளில் கோவேரியன்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெர்லின் அருகே மின்பொருள் கிடங்கொன்றில் அதன் ரோபோக் கை பெட்டிகளிலிருந்து பொருள்களைப் பொறுக்கியெடுத்தது. இதற்கிடையே விடைத்தாள் திருத்த உதவும் கிரேட்ஸ்கோப் நிறுவனத்தையும் இணைந்து தொடங்கியிருந்தார். அது 2018இல் டர்ன்இட்இன் வசம் போயிற்று.

2021ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் கணினியியல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் அமேசான், கோவேரியன்டின் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்று, அபேலையும் உடன் நிறுவியோர் சிலரையும் ஊழியரில் ஏறக்குறைய கால்பங்கினரையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. நிறுவனத்தை வாங்காமல் ஆட்களை வாங்கும் இந்த வழி அப்போது சிலிக்கான் பள்ளத்தாக்கில் பரவிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு லெவினும் ஃபின்னும் வேறு சிலருடன் ஃபிசிக்கல் இன்டெலிஜென்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் முதலில் காட்டிய வேலைகளில் ஒன்று, உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துணிகளை எடுத்து மடித்து அடுக்குவது.