காது போன பாடகனும் காணாமல் போன பூலித்தேவரும்



போன வாரம் பேரன் விடுமுறைக்குத் திருவேங்கடம் வந்திருந்தான். "தாத்தா, பேய்ப்படம் பார்ப்போமா?" என்று ஒரு பழைய ஜப்பானியப் படத்தை டிவியில் போட்டான். மசாகி கோபயாஷி 1964இல் எடுத்த 'க்வைடான்'. மூன்று மணி நேரப் படம். அவன் பாதியில் தூங்கிவிட்டான். எனக்குத்தான் அன்று தூக்கம் போயிற்று.

படத்தில் நான்கு கதைகள். என்னைப் பிடித்துக்கொண்டது ஹோயிச்சி என்ற பார்வையற்ற பாடகனின் கதை. 1185இல் தன்னோஉரா கடற்போரில் ஹெய்கே குலமே அழிந்தது. ஆறு வயதுப் பேரரசனை அவன் பாட்டி தூக்கிக்கொண்டு கடலில் குதித்தாள். அந்தப் போரை பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடுகிறவன் ஹோயிச்சி. ஒரு ராத்திரி சமுராய் ஒருவன் வந்து, "எங்கள் எஜமானர் உன் பாட்டைக் கேட்க விரும்புகிறார்" என்று கூட்டிப்போகிறான். அது சபை அல்ல, இடுகாடு. கேட்பவர்கள் எல்லாம் செத்துப்போன ஹெய்கே வீரர்கள். தங்கள் சாவைத் தாங்களே கேட்டு அழுகிறார்கள். அவனைக் காப்பாற்ற உடம்பு முழுக்கப் பௌத்த சூத்திரம் எழுதுகிறார்கள். காதில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். ஆவி வந்து காதைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

இது நம்ம ஊர்க் கொடை அல்லவா என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வில்லுப்பாட்டில் வெட்டுப்பட்டுச் செத்தவன் கதையை நடுச்சாமத்தில் பாடுவார்கள். சரியாக அவன் சாகும் இடம் வரும்போது குடம் அடிக்கிற வேகம் கூடும்; கோமரத்தாடிக்கு அருள் வந்துவிடும். செத்தவனே தன் கதையைக் கேட்க வந்துவிட்டான் என்றுதானே நம் ஆச்சிமார் கும்பிட்டார்கள்?

இனி நம்ம பக்கத்து வரலாறு. 1755இல் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து நெற்கட்டும்செவலில் கப்பம் கேட்டார்; கிடைக்காமல் திரும்பினார். 1761இல் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். அதே யூசுப்கானை 1764இல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். எழுந்து வந்துவிடுவானோ என்று பயந்து, உடலைத் துண்டாக்கித் தனித்தனி ஊரில் புதைத்ததாக மக்கள் சொல்வார்கள். (கமல்ஹாசன் 1997இல் தொடங்கிய 'மருதநாயகம்' இவர் கதைதான். அந்தப் படமும் எழுந்து வரவில்லை!) யூசுப்கான் போனபின் பூலித்தேவர் மறுபடி தலையெடுத்தார். 1767இல் கர்னல் கேம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். பீரங்கி போட்ட ஓட்டையை உள்ளிருந்தவர்கள் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்து அடைத்துச் சண்டை போட்டார்கள். மண்கோட்டை அது. கடைசியில் விழுந்தது.

அதற்குப் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார்? நான் வகுப்பில் எழுதிப்போட்டது ஒரே வரி: "உறுதியான சான்று இல்லை." ஊரில் சொல்லும் கதை உங்களுக்கே தெரியும். பிடித்துக் கொண்டுபோகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டார், உள்ளே போனார், விலங்கு அறுந்து விழுந்தது, சோதியில் கலந்துவிட்டார்.

முப்பது வருடத்துக்கு முன் ஒரு பையன் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இந்தக் கதையை அப்படியே எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "ஏல, இது வரலாறா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவன் அழவில்லை. "அப்ப அவரு உடம்பு எங்க சார்?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிடித்தவர்கள் ரகசியமாகக் கொன்றிருக்கலாம், மேற்கு மலைக்காட்டில் நோயில் போயிருக்கலாம். சோதியை நான் இன்றும் சான்றாக ஏற்க மாட்டேன். ஆனால் உடம்பைக் காட்டாமல் ஒரு தலைவனை முடித்துவிட்டால், அழுவதற்குக்கூட இடம் இல்லாத ஜனங்கள் கோவிலுக்குள்ளேதான் இடம் தேடும். ஹெய்கே வீரர்கள் மூழ்கிய கடலில் பிடிபடும் நண்டின் ஓட்டில் அவர்கள் முகம் தெரிகிறது என்பார்கள் ஜப்பானியர். அதுவும் உடம்பு கிடைக்காத சாவுதான். பையன் கேட்டது வரலாற்றுக் கேள்வி. அதற்கு மேலே கதை எழுதியிருந்ததால் எனக்குக் காது கேட்கவில்லை.

படம் முடிய ஒரு மணி ஆகிவிட்டது. காது இல்லாத ஹோயிச்சி, அந்த ஆவிகளுக்காகத் தொடர்ந்து பாடுவேன் என்கிறான்.

அந்தப் பையன் இப்போது வளைகுடாவில் இருப்பதாகக் கேள்வி. பெயர் இங்கே போட மாட்டேன், அவனுக்குத் தெரியும். தம்பி, உனக்குப் பூச்சியம் போட்டேன். இரண்டரை தரவேண்டியது. இந்த முறை ஆடித்தபசுக்கு வந்தால் வீட்டுக்கு வா.