நூய் டாட்: வேலிக்குள்ளே ஒரு வருஷம்

இன்னிக்கு எபிசோடை ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம்.

வியட்நாம்ல இருந்த ஒரு ஆஸ்திரேலிய சிப்பாய்கிட்ட "ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள்?"னு கேட்டா, "நாப்பது நாளும் ஒரு வேக்கியும்"னு சொல்லுவான். வேக்கின்னா கடைசி நாள் காலைல கண் முழிக்கிறது. அன்னிக்கு எழுந்திருச்சா விமானம்தான், அதனால அதை ஒரு நாளா சேர்க்கக்கூடாது. ஒவ்வொரு கூடாரத்துலயும் ஒரு காலண்டர், அதுல தினமும் ஒரு கட்டத்தை அடிப்பாங்க. மொத்தக் கணக்கு 365.

சண்டையைப் பத்தி நிறைய பாட்காஸ்ட் இருக்கு. எனக்கு இந்தக் காலண்டர்தான் சுவாரஸ்யமா பட்டது. போர் நடக்குற நாட்டுல ஒரு முகாம். அதுக்குள்ள ஒருத்தன் ஒரு வருஷம் எப்படி வாழ்ந்தான்? என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், எதை நம்பித் தூங்கினான்? இதைத் தேடிப் படிச்சப்போ கதை ஒரு வேலியில போய் நின்னது. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

குலுக்கலில் வந்த பிறந்தநாள்

முதல்ல, இந்தப் பசங்க யாரு?

1964 நவம்பரில் ஆஸ்திரேலிய அரசு கட்டாய ராணுவச் சேவையை அறிவித்தது. 20 வயசு ஆகுற ஆண்கள் பேரைப் பதிவு செய்யணும். ஆனா எல்லாரையும் எடுக்கல. லாட்டரி உருளை ஒண்ணுல பிறந்த தேதி எண்கள் போட்ட கோலிகளைப் போட்டு உருட்டினாங்க. முதல் குலுக்கல் 1965 மார்ச் மாதம். உங்க பிறந்தநாள் கோலி வெளியே வந்தா, மருத்துவப் பரிசோதனை, அப்புறம் இரண்டு வருஷம் ராணுவம்.

1972 வரைக்கும் 63,000க்கும் மேற்பட்டவர்களை இப்படி எடுத்தாங்க. அதுல 15,000க்கும் அதிகமானவர்கள் வியட்நாம் போனார்கள். சுமார் 200 பேர் திரும்பி வரவே இல்லை. அப்போ ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுற வயசு 21. அதாவது சண்டைக்கு அனுப்புற அரசைத் தேர்ந்தெடுக்க 20 வயசுக்காரனுக்கு உரிமை இல்லை, அது சொல்ற சண்டைக்குப் போகணும்.

இருபது வயசுல என்னோட பெரிய கவலை மூணாவது செமஸ்டர் அரியர், அது கேம்பஸ் இன்டர்வியூவுல மாட்டுமாங்கிறது. அதனால இந்தக் கோலி விஷயத்தைப் படிச்சதும் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணாம உட்கார்ந்துட்டேன்.

காலி பண்ணின இடம்

1966ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சைகோனுக்குத் தென்கிழக்கே ஃபுவோக் டுய் என்கிற மாகாணம். அதை ஆஸ்திரேலியர்களின் பொறுப்பில் விட்டார்கள். அவங்க முகாமுக்குத் தேர்ந்தெடுத்த இடம், ஒரு சின்னக் குன்றும் அதைச் சுத்தி இருந்த ரப்பர் தோட்டமும். பேர் நூய் டாட். வியட்நாமிய மொழியில "மண் குன்று"ன்னு அர்த்தம்.

முகாமைச் சுத்தி நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு வரைபடத்துல ஒரு கோடு போட்டாங்க. அதுக்குப் பேர் லைன் ஆல்ஃபா. அந்தக் கோட்டுக்குள்ள பொதுமக்கள் யாரும் இருக்கக்கூடாது. காரணம் நேரடியானது. அது கிட்டத்தட்ட மோர்ட்டார் குண்டு எட்டுற தூரம். தவிர, உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் வேவு பார்க்கவும் கூடாது.

ஆனா அந்த வட்டத்துல லாங் ஃபுவோக், லாங் டான்னு ஊர்கள் இருந்தன. பரம்பரையா பயிர் வெச்ச நிலம், கோயில், கல்லறைகள் எல்லாம் இருந்த ஊர்கள். அங்கே வியட் காங் கெரில்லாக்களுக்கு ஆதரவு அதிகம். லாங் ஃபுவோக் வீடுகளுக்குக் கீழேயே சுரங்கப் பாதைகள் இருந்தன. ஊர்களைக் காலி பண்ணினார்கள். லாங் ஃபுவோக்கை இடித்து, எரித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். ஜனங்க ஹோவா லாங், டாட் டோ, லாங் டியன் மாதிரி பக்கத்து ஊர்களுக்குப் போனாங்க. இதுல டாட் டோங்கிற பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அமெரிக்க முகாம்கள்ல துணி துவைக்க, சமையல்கட்டுல உதவி பண்ண உள்ளூர் ஆட்கள் தினமும் வந்து போவாங்க. நூய் டாட்ல அது கிடையாது. பள்ளம் தோண்டுறது, மணல் மூட்டை நிரப்புறது, பாத்திரம் கழுவுறது எல்லாமே சிப்பாய்கள் வேலைதான். வியட்நாம்ல ஒரு வருஷம் இருந்தும், முகாமுக்குள்ளே ஒரு வியட்நாம்காரர் முகத்தைப் பார்க்க வழியில்லை.

கூடாரம், மாத்திரை, பீர்

முதல் சில மாதங்கள் மோசம். மழைக்காலம். போதுமான கூடாரம் வந்து சேரல. பலர் ரெண்டு கம்புக்கு நடுவுல கட்டின மழைத் துணிக்குக் கீழே தூங்கினாங்க. தோண்டின பதுங்குகுழிகள்ல தண்ணி நின்னது. செம்மண் சேறு பூட்ஸ், சோறு, கடிதம்னு ஒண்ணு விடாம ஒட்டிக்கிட்டது.

போகப் போக வசதி வந்தது. ரப்பர் மர நிழலில் வரிசையாகக் கூடாரங்கள், சுத்தி மணல் மூட்டைச் சுவர், உள்ளே இரும்புக் கட்டில், கொசுவலை, பக்கத்திலேயே பதுங்குகுழி. விடியற நேரத்துலயும் பொழுது சாயற நேரத்துலயும் 'ஸ்டாண்ட்-டூ'. எல்லாரும் துப்பாக்கியோட அவங்கவங்க குழிக்குப் போய் சத்தமில்லாம இருக்கணும். தாக்குதல் வர்றதுக்குத் தோதான நேரம் அந்த ரெண்டும்தான்.

மலேரியா மாத்திரை தினமும் முழுங்கணும். போடுறாங்களான்னு மேலதிகாரிகள் நின்னு பார்ப்பாங்க, ஏன்னா ஒரு படைப்பிரிவைப் படுக்க வைக்க ஒரு கொசுக்கூட்டம் போதும். சாயங்காலம் பீர். அதிகாரபூர்வக் கணக்கு ஆளுக்கு ரெண்டு கேன். அந்தக் கணக்கு எப்படி நடந்திருக்கும்னு ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குத் தெரியும். இதுக்கு நடுவுல அமெரிக்க ராணுவ வானொலியில பாட்டு, அப்பப்போ திரையில சினிமா, வீட்டுக் கடிதம்.

முகாமுக்குள்ள ஒரு சாதிப் பிரிவினையும் இருந்தது. காலாட்படைக்காரங்க மத்த எல்லாரையும் 'போகோ'ன்னு கூப்பிடுவாங்க. கிளார்க், சமையல்காரர், மெக்கானிக் எல்லாம் போகோ. காலாட்படைக்கு நூய் டாட் ஒரு லாட்ஜ் மாதிரிதான். வாரக்கணக்கில் காட்டுக்குள் ரோந்து. பேச்சே இல்லை, கைச் சைகை மட்டும். டப்பா உணவு, குளியல் கிடையாது. திரும்பி வந்து சுடுசோறு சாப்பிட்டு ரெண்டு நாள் தூங்கி எழுந்தா மறுபடி காடு. ஓய்வுக்கு விட்டா கடற்கரை ஊரான வுங் டாவ். அங்கேதான் பலர் வியட்நாமிய மக்களை முதல்முறையா நெருக்கத்துல பார்த்தாங்க. பெரும்பாலும் மதுக்கடையில, காசு கொடுக்குறவனா.

கச்சேரி நடந்த மத்தியானம்

இந்த வேலி நிஜமாவே காப்பாத்துச்சா? 1966 ஆகஸ்ட் 17 அதிகாலையில முகாம் மேல மோர்ட்டார் குண்டுகள் விழுந்தன. 24 பேருக்குக் காயம்.

அடுத்த நாள் மத்தியானம், முகாமுக்குள் கச்சேரி. கால் ஜாய் தன்னோட பேண்டுடன் வந்திருந்தார். கூடவே லிட்டில் பாட்டி என்கிற பாடகி. அவங்களுக்கு வயசு 17. அதே நேரத்துல, குண்டு போட்டவங்களைத் தேடி டி கம்பெனி கிழக்குப் பக்கம் கிளம்பியது. மொத்தம் 108 பேர். அதில் மூன்று பேர் நியூசிலாந்துக்காரர்கள். கச்சேரியைக் கேட்க முடியலையேங்கிற கடுப்போட போனாங்க, முதுகுக்குப் பின்னாடி பாட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது.

லாங் டான் ரப்பர் தோட்டத்துக்குள்ள, அதாவது காலி பண்ணின அந்த ஊர் பக்கத்துல, தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையோட மோதினார்கள். கொட்டுற மழை. முகாம்ல இருந்து பீரங்கிகள் விடாமல் சுட்டதால்தான் அவங்க பிழைச்சாங்க. 18 ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள், அதில் பாதிக்கும் மேல் குலுக்கலில் வந்த பையன்கள். எதிர்த்தரப்பில் 245 உடல்களை எண்ணினார்கள்.

அதுக்கப்புறம் நூய் டாட் மேல அந்த அளவுக்குப் பெரிய ஆபத்து வரல. முகாம் தாங்கும்னு நம்பிக்கை வந்துடுச்சு. அப்படின்னா இன்னொரு வேலி போடலாமேன்னு யோசிச்சாங்க.

பதினொரு கிலோமீட்டர்

1967. தளபதி பிரிகேடியர் ஸ்டூவர்ட் கிரஹாம். அவர்கிட்ட ஆள் பலம் குறைவு, மாகாணமோ பெருசு. கெரில்லாக்களையும் அவங்களுக்கு அரிசி தர்ற ஊர்களையும் பிரிக்கணும். அவர் எடுத்த முடிவு, டாட் டோவிலிருந்து கடல் வரைக்கும் 11 கிலோமீட்டருக்கு ஒரு கண்ணிவெடி வேலி. ஆமா, ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அதே டாட் டோ.

புதைத்தது 20,000க்கும் மேற்பட்ட எம்-16 மைன்கள். துப்பாக்கிக்கும் அதே பேர்தான், இது வேற. மிதிச்சா தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடிக்கும். சிப்பாய்கள் வெச்ச பேர் 'ஜம்பிங் ஜாக்'. புதைக்கும்போதே ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் சிலர் இறந்துபோனார்கள்.

கண்ணிவெடி வயலுக்கு ஒரு அடிப்படை விதி உண்டு. அதை யாராவது கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா அது கதவில்லாத ஆயுதக் கிடங்கு. காவல் வேலை உள்ளூர் தென் வியட்நாம் படைகளுக்குன்னு திட்டம். அவங்ககிட்ட அதுக்கு ஆளும் இல்லை, ஆர்வமும் இல்லை. ராத்திரிகளில் கெரில்லாக்களும், அவங்களுக்கு உதவின ஊர்க்காரங்களும் மைன்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். எடுத்தா வெடிக்கிற மாதிரி அடியில வெச்சிருந்த பொறிகளால் சிலர் செத்தார்கள். மிச்சப் பேர் கத்துக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான மைன்கள் இடம் மாறின. ஆஸ்திரேலியர்கள் நடக்குற பாதைகள்ல திரும்பப் புதைந்தன.

1970 பிப்ரவரி 28, லாங் ஹாய் மலைப்பகுதி. அதே ரக மைன்கள் வெடித்து ஒரே நாளில் ஒன்பது ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். கடைசியில் அந்த வயலை அழிக்கிற வேலையையும் அதே ராணுவம்தான் செய்யவேண்டி வந்தது. வேலியே பயிரை மேய்ஞ்ச கதைன்னு நாம சொல்றது இதைத்தான்.

என் வேலையில இதோட குட்டி வடிவத்தைப் பார்த்திருக்கேன். அலர்ட் செட் பண்ணிட்டு, அதைப் பார்க்க ஆள் போடாம, "சிஸ்டம் பாதுகாப்பா இருக்கு"ன்னு ஸ்லைடுல எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். எங்களுக்குப் போனது ஒரு வார இறுதி. இங்கே போனது கால்கள், உயிர்கள்.

ஆனா இதை வெறும் பொறியியல் தப்புன்னு முடிச்சா பாதிக் கதைதான். லாங் டான் மாதிரி ஊர்களை விட்டு விரட்டப்பட்ட ஜனங்கள்ல பலர் இருந்த இடம் டாட் டோ. அவங்க பக்கத்துல இந்த வயலைப் போட்டு, அவங்க ஆளுங்களையே காவலுக்கு வெச்சு, அவங்க சும்மா இருப்பாங்கன்னு நம்பினாங்க. ஒரு வருஷம் யார்கிட்டயும் பேசாம வேலிக்குள்ள வாழுறவங்களால, வெளியே இருக்குறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு எப்படிக் கணிக்க முடியும்? நூய் டாட்ல தூங்குறவனைப் பாதுகாத்த அந்தக் காலி வட்டமேதான், வெளியே நடந்தபோது அவனைக் குருடாக்கியதுன்னு எனக்குத் தோணுது.

வேக்கி

1971 நவம்பரில் ஆஸ்திரேலியர்கள் நூய் டாட்டைக் காலி செய்தார்கள். அந்தப் போரில் இறந்த ஆஸ்திரேலியர்கள் 500க்கும் மேல். வியட்நாமியர்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகும். 365 கட்டம் அடிச்ச பையன் வீட்டுக்கு வந்தப்போ, நாடு அந்தப் போரைப் பத்திப் பேசவே விரும்பல. முறையான வரவேற்பு அணிவகுப்பு சிட்னியில் நடந்தது 1987 அக்டோபரில்.

இன்னிக்கு அந்த முகாமோட விமான ஓடுதளம் ஒரு ஊர்த் தெரு. பக்கத்துல ஒரு மழலையர் பள்ளி இருக்கு, முன்னாள் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் பணம் திரட்டிக் கட்டினது. அதுல சிலருக்கு, அந்த மண்ணுல துப்பாக்கி இல்லாம ஒரு வியட்நாமியக் குடும்பத்தோட உட்கார்ந்து டீ குடிக்கிறது அதுதான் முதல் தடவையா இருந்திருக்கும்.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல, தெரிஞ்சவங்கள்ல யாராவது ராணுவ முகாம்ல இருந்திருந்தா, சண்டையைப் பத்திக் கேட்காதீங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க, எத்தனை நாள்னு எப்படி எண்ணினீங்கன்னு கேளுங்க. அவங்க நிறுத்தாம பேசுவாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.