மீதி சொல்லும் வரலாறு

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கு வடக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில், மஹ்மூது பந்தர் என்று முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. மஃரிபுக்குப் பின் அவ்வூர் வீடுகளில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை எவரேனும் இருந்தால், பல்லுறுப்புக் கோவையை வகுத்து ஈவும் மீதியும் காணும் வீட்டுக் கணக்கு நம் கண்ணில் படும். பிள்ளைக்கு அது தண்டனை. பெற்றோருக்கோ புரியாத பாடம். அக்கணக்கு எங்கிருந்து வந்தது, மீதியைப் பற்றிய சிந்தனை இதே வட்டாரத்தில் எவ்வளவு உயரத்தை எட்டியது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

கி.பி. 820-ஐ ஒட்டி பக்தாதில் அல்-குவாரிஸ்மீ எழுதிய நூலே 'அல்-ஜப்ர்' என்ற பெயரை உலகுக்கு ஈந்தது. இது மேடைதோறும் நாம் கேட்டுச் சலித்த செய்தி. அதற்குப் பின் நடந்ததைத்தான் எவரும் சொல்வதில்லை. கி.பி. 1000 வாக்கில் அந்நகரில் வாழ்ந்த அல்-கரஜீ, தெரியாத எண்ணின் படிகளை வடிவியலின் துணையின்றி, எண்களைப் போலவே கையாள வழி கண்டார். 352 என்பதில் மூன்று நூறும் ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் இருக்கின்றன. பத்து இருக்கும் இடத்தில் 'எக்ஸ்' என்று வைத்துவிட்டால் அதுவே ஒரு பல்லுறுப்புக் கோவை.

அவருடைய நூல்களைப் பயின்றே தேர்ந்தவர் அஸ்-ஸமவ்அல் அல்-மஃரிபீ. பத்தொன்பதாம் வயதில் 'அல்-பாஹிர்' என்னும் நூலை இயற்றினார். படிகளின் பெயர்களை மேலே வரிசையாக எழுதி, அவற்றின் கீழ்க் கெழுக்களை மட்டும் கட்டங்களில் இட்டு வகுத்தார். இன்று கரும்பலகையில் ஆசிரியர் போடும் நெடு வகுத்தல் பெரும்பாலும் அதுவே. ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையன்று: இந்நூலை எழுதியபோது அவர் யூதர், 1163-ல் மராகாவில்தான் இஸ்லாத்தைத் தழுவினார். பக்தாதின் கல்வி எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கு: 20 எக்ஸ் வர்க்கத்துடன் 30 எக்ஸைக் கூட்டி, அதனை 6 எக்ஸ் வர்க்கமும் 12-உம் சேர்ந்த கோவையால் வகுக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஈவு மூன்றே மூன்றில் ஒன்று, மீதி 30 எக்ஸ் கழித்தல் 40 என்று எழுதி ஏட்டை மூடிவிடுவர். அவரோ மீதியையும் தொடர்ந்து வகுத்தார். அடுத்து 5, பின் கழித்தல் ஆறே மூன்றில் இரண்டு, பின் கழித்தல் 10, பின் பதின்மூன்றே மூன்றில் ஒன்று என எக்ஸின் கீழ்ப்படிகளுக்குரிய கெழுக்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றும் தனக்கு இரண்டு இடம் முந்தியதன் கழித்தல் இருமடங்கு என்ற விதியைக் கண்டார். முடிவில்லாத வகுத்தலை ஒரு விதியால் கட்டிவிட்டார்!

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். எண்களின் மீதியும் கோவையின் மீதியும் ஓரினத்தவை என்று மேலே கண்டோம். 1929-ல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. 1770-ல் வாரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய வினா ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார்: எந்த எண்ணையும் ஆறாம் படிகளின் கூட்டாக எழுத எத்தனை படிகள் போதும்?

703-ஐப் பாருங்கள். 3-இன் ஆறாம் படி 729, அது பெரிது. 2-இன் ஆறாம் படியான 64-உம் 1-உம் மட்டுமே உதவும். பத்து அறுபத்து நான்குகள், அறுபத்து மூன்று ஒன்றுகள், ஆக 73. எந்த எண்ணுக்கும் இந்த 73 போதும் என்று 1940-ல் பிள்ளை நிறுவினார். ஏழும் அதற்கு மேற்பட்ட படிகளுக்கும் அவரும் அமெரிக்கரான டிக்ஸனும் 1936-ஐ ஒட்டித் தனித்தனியே விடை கண்டிருந்தனர். அவ்விடையின் சாவி ஒரு வகுத்தலில் இருக்கிறது. 729-ஐ 64-ஆல் வகுக்க ஈவு 11, மீதி 25. ஈவும் மீதியும் சேர்ந்து 64-ஐத் தாண்டாவிடில், 64-உடன் 11-ஐக் கூட்டி 2-ஐக் கழித்ததே விடை. பள்ளிப் பிள்ளை ஒதுக்கிவிடும் மீதிதான் இங்கே தீர்ப்பு வழங்குகிறது.

1950 ஆகஸ்டு 31-ல், அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து பிள்ளை மறைந்தார். அந்த மீதி நிபந்தனையை மீறும் படிகள் இருந்தாலும் அவை எண்ணிக்கைக்கு உட்பட்டவையே என்று 1957-ல் மாலர் நிறுவினார். அப்படி ஒன்றேனும் உண்டா என்பது இன்றளவும் எவராலும் தீர்க்கப்படவில்லை.