ஜெபத்தின் ஒலி எங்கிருந்து வருகிறது?

மந்திர ஜெபம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது எண்ணிக்கைதான். நூற்றெட்டு, ஆயிரத்தெட்டு, லட்சம், கோடி! எண்ணிக்கை கூடக் கூடப் பலனும் கூடுமா? இந்தச் சந்தேகத்துக்கு 1907-இல் திருவண்ணாமலையில் ஒரு பதில் கிடைத்தது.

கேட்டவர் காவ்யகண்ட கணபதி சாஸ்திரி. இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் களவராயி என்ற ஊரில் 1878-இல் பிறந்தவர். 1900-இல் வங்காளத்து நவத்வீபத்தில், கேட்டவுடன் சம்ஸ்கிருதக் கவி பாடும் திறமைக்காக 'காவ்யகண்டர்' என்ற பட்டம் பெற்றவர். இளமை முதலே ஊர் ஊராகச் சென்று மந்திர ஜெபம் செய்தவர். அவருக்கு உழைப்பில் குறையே இல்லை. ஆனாலும் மனதில் நிறைவு இல்லை.

1907 நவம்பர் 18 அன்று, அருணாசல மலையில் விரூபாட்ச குகையில் இருந்த இளம் துறவியைத் தேடிச் சென்றார். அவர் சாஸ்திரியைவிட ஒரு வயது இளையவர். பெரிய பண்டிதர் அவர் காலில் விழுந்து, படிக்க வேண்டியதைப் படித்தும், ஜெபிக்க வேண்டியதை ஜெபித்தும் தவம் என்றால் என்ன என்று விளங்கவில்லை என்றார்.

துறவி சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்ன பதிலில் இரண்டு பகுதிகள் இருந்தன. 'நான்' என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம். மந்திரம் ஜெபிக்கும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தாலும் மனம் அங்கே ஒடுங்கும், அதுவும் தவமே.

இதில் முயற்சி வேண்டாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரமும் நீண்ட காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு பயிற்சி செய்ய வேண்டும் என்றே கூறுகிறது. ஆனால் ஜெபத்தோடு அதன் பொருளையும் மனதில் நிறுத்தச் சொல்கிறது. வாய் மந்திரம் சொல்ல, மனம் கடைத்தெருவில் அலைந்தால் அது நாக்கின் உழைப்பு மட்டுமே. வாய்விட்டுச் சொல்வதைவிட மனதுக்குள் ஜெபிப்பதை மரபு உயர்வாக வைத்ததும் இதனால்தான் போலும். கவனம் போனால் அந்த ஜெபமே நின்றுவிடும்!

அன்று அந்தத் துறவிக்கு 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்று பெயர் சூட்டியவர் கணபதி சாஸ்திரிதான். அதன் பிறகும் அவர் ஜெபத்தைக் கைவிடவில்லை. 1936-இல் மறையும் வரை மந்திர சாதகராகவே வாழ்ந்தார். உழைப்பு அதேதான், கவனம் திரும்பிய திசைதான் புதிது.