பழைய வணிக ஜெட் விமானங்களில் ஏவியானிக்ஸ் மேம்பாடு

பழைய வணிக ஜெட் விமானத்தின் விமானி அறையிலுள்ள திரைகள், வழிசெலுத்தும் கணினி, ஆட்டோபைலட், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் முதலிய மின்னணுக் கருவிகளைக் கழற்றி, அவற்றின் இடத்தில் இன்றைய தலைமுறைக் கருவிகளைப் பொருத்தும் பணியே ஏவியானிக்ஸ் மேம்பாடு. விமானத்தின் உடற்கூட்டையும் இறக்கைகளையும் முறையாகப் பராமரித்தால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் பறக்கலாம். மின்னணுக் கருவிகளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. 1990களில் விற்பனைக்கு வந்த பல வணிக ஜெட்கள் இன்றும் நல்ல நிலையில் பறக்கின்றன. அவற்றின் விமானி அறையில் இருப்பதோ குழாய்த்திரைத் தொலைக்காட்சிக் காலத்துத் தொழில்நுட்பம். இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஒரு தனித்தொழில் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸில் வேர்கொண்ட காலின்ஸ், கான்சாஸ் மாநிலத்தின் ஓலேத்தேயில் இயங்கும் கார்மின், ஹனிவெல் ஆகியவை இத்துறையின் பெரிய நிறுவனங்கள்.

கருவி பழையதாவது எப்படி

1980களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை வந்த வணிக ஜெட்களில் பெரும்பாலானவை கேதோடு கதிர்க்குழாய்த் திரைகளைக் கொண்டவை. காலின்ஸ் நிறுவனத்தின் புரோலைன் 4, ஹனிவெல்லின் பிரைமஸ் 1000 ஆகியவை அக்காலத்தின் பெயர்பெற்ற தொகுப்புகள். குழாய்த்திரை எடை மிகுந்தது, சூடாவது, உயர் மின்னழுத்தம் கேட்பது. ஆனால் அதை வீழ்த்தியது இந்தக் குறைகளல்ல. உலகம் முழுவதும் வீட்டுத் தொலைக்காட்சியும் கணினித் திரையும் திரவப் படிகத்துக்கு மாறியதும் குழாய் செய்யும் ஆலைகள் மூடப்பட்டன. விமானத்துக்கு வேண்டிய சில நூறு குழாய்களுக்காக எந்த ஆலையும் ஓடாது. அதன்பின் பழுதான திரைக்கு இன்னொரு பழைய திரைதான் மாற்று என்றாகி, விலையும் ஏறியது.

வழிசெலுத்தும் கணினியின் சிக்கல் வேறு. உலக விமானப் பாதைகள், ஓடுபாதைகள், இறங்குமுறைகள் அடங்கிய தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. செயற்கைக்கோள்வழி இறங்குமுறைகள் பெருகப் பெருக இத்தரவு வீங்கியது. பழைய கணினியின் நினைவகம் அதைத் தாங்கவில்லை. உலகத் தரவைக் கண்டவாரியாகத் துண்டுபோட்டு ஏற்றவேண்டிய நிலை பல விமானங்களுக்கு ஏற்பட்டது. அந்தத் தரவை நெகிழ்வட்டில் ஏற்றும் விமானங்கள் 2000க்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தன. ஏற்பிகளும் இதுபோன்ற சிக்கலுக்குத் தப்பவில்லை. ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1,024 வரை மட்டுமே எண்ணிவிட்டு மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6 அன்று அந்தச் சுற்று முடிந்தபோது, சில பழைய ஏற்பிகள் தேதியைத் தவறாகக் காட்டாமலிருக்க மென்பொருள் திருத்தம் தேவைப்பட்டது.

வான்வெளி விதிகளின் நெருக்கடி

உரிமையாளர்கள் ஆசைப்பட்டு ஏவியானிக்ஸை மாற்றுவது குறைவு. விதி நெருக்கும்போதே பெரும்பாலும் மாற்றுகிறார்கள். 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்களுக்கு நடுவேயான செங்குத்து இடைவெளி முன்பு 2,000 அடி. அதை 1,000 அடியாகக் குறைத்தது ஆர்விஎஸ்எம் எனும் விதி. இந்தியாவில் இது 2003 நவம்பர் 27 அன்றும், அமெரிக்காவில் 2005 ஜனவரி 20 அன்றும் நடைமுறைக்கு வந்தது. உயரமானியும் ஆட்டோபைலட்டும் இதற்குரிய துல்லியத்தில் இல்லாத விமானத்துக்கு அந்த உயரம் கிடையாது. தாழப் பறக்கவேண்டும், எரிபொருள் கூடும், தூரம் குறையும். பழைய ஜெட்கள் பலவற்றின் மறுவிற்பனை மதிப்பைச் சரித்த முதல் பெரிய விதி இதுதான்.

மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸின் வரலாறு இரண்டு விபத்துகளோடு பிணைந்தது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். அதன்பின் இந்தியா இக்கருவியைக் கட்டாயமாக்கியது. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகரின் மேலே இரண்டு விமானங்கள் மோதின. 71 பேர் இறந்தனர். இரண்டிலும் டிகாஸ் இருந்தது. ஒரு விமானத்தைத் தரைக்கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், கருவி ஏறச் சொன்னது. அதன் விமானிகள் தரையின் சொல்லைக் கேட்டனர். கருவியின் தர்க்கத்தைத் திருத்திய 7.1 பதிப்பு இவ்விபத்தின் படிப்பினைகளையும் உள்ளடக்கியது. ஐரோப்பாவில் 2015 டிசம்பர் முதல் பழைய விமானங்களுக்கும் அது கட்டாயம்.

பிறகு வந்தது ஏடிஎஸ்-பி. விமானம் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள்மூலம் அறிந்து, தானே நொடிக்கு நொடி ஒலிபரப்பும் முறை இது. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிக்கு இது கட்டாயமானது. இதற்குப் புதிய டிரான்ஸ்பாண்டரும் நம்பகமான ஜிபிஎஸ் ஏற்பியும் வேண்டும். வட அட்லாண்டிக்கைக் கடக்கக் குரலுக்குப் பதில் எழுத்துச் செய்தி அனுப்பும் தரவிணைப்புக் கருவியும், ஐரோப்பாவில் பறக்கப் பழைய 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை மூன்றாகப் பிரித்த 8.33 கிலோஹெர்ட்ஸ் ரேடியோவும் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விமானத்தைத் திறந்து மூடுவதைவிட, திறக்கும்போதே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்ற கணக்கு பல உரிமையாளர்களுக்கு இங்கேதான் பிறந்தது.

பீச்ஜெட் 400ஏ: ஒரே விமானம், வெவ்வேறு வழிகள்

இத்தொழிலின் பெரும்பாலான வழிகளை ஒரே விமானக் குடும்பத்தில் காணவேண்டுமானால் பீச்ஜெட்டைப் பார்க்கலாம். இதன் மூலம் ஜப்பானின் மிட்சுபிஷி வடிவமைத்த டயமண்ட் எம்யு-300. முதற்பறத்தல் 1978 ஆகஸ்ட் 29. 1980களின் நடுவில் அமெரிக்காவின் பீச் நிறுவனம் உரிமையை வாங்கியது. 1990இல் புரோலைன் 4 திரைகளோடு 400ஏ வந்தது. பின்னாளில் இதே விமானம் ஹாக்கர் 400எக்ஸ்பி என்ற பெயரில் விற்றது. 2012இல் ஹாக்கர் பீச்கிராஃப்ட் திவால் பாதுகாப்புக் கோரி, ஜெட் தயாரிப்பைக் கைவிட்டது. மிஞ்சிய நிறுவனத்தை 2014இல் டெக்ஸ்ட்ரான் வாங்கியது. புதிய விமானம் இனி வராது, பழையனவோ நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. மேம்பாட்டு வணிகத்துக்கு இதைவிட வாகான நிலம் அமையாது.

முதல் வழி, விமானத்தையே ஏறக்குறைய மறுபடி கட்டுவது. ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் அருகே நெக்ஸ்டன்ட் ஏரோஸ்பேஸ் இதைச் செய்தது. பழைய 400ஏ-யைப் பிரித்து, ஜேடி15டி எஞ்சின்களை நீக்கி, வில்லியம்ஸ் எஃப்ஜே44 எஞ்சின்களைப் பூட்டி, விமானி அறையில் காலின்ஸின் புரோலைன் 21 திரைகளை வைத்து, நெக்ஸ்டன்ட் 400எக்ஸ்டி என்ற பெயரில் விற்றார்கள். 2011இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ சான்றளித்தது. எரிபொருள் சிக்கனத்தால் பறக்கும் தூரம் சுமார் 2,000 கடல் மைலாகக் கூடியது. இங்கே ஏவியானிக்ஸ் பெரிய மாற்றத்தின் ஒரு பகுதி மட்டுமே. விலையும் அதற்கேற்பப் பெரிது.

இரண்டாவது வழி, எஞ்சினைத் தொடாமல் விமானி அறையை மட்டும் மாற்றுவது. கார்மினின் ஜி5000 தொகுப்பு 2016இல் 400ஏ, 400எக்ஸ்பி விமானங்களுக்குச் சான்று பெற்றது. குழாய்த்திரைகளும் வட்ட முள்மானிகளும் நீங்கி, அகன்ற மூன்று திரைகளும் கீழே தொடுதிரைக் கட்டுப்பாடுகளும் வருகின்றன. எஞ்சின் அளவுகள் திரைக்குள் போய்விடுகின்றன. ஆட்டோபைலட்டும் மாறுகிறது, பழைய ஆட்டோபைலட்டின் பழுதுச் செலவால் நொந்த உரிமையாளர்களுக்குத் திரையைவிட இதுவே பெரிய நிம்மதி. செஸ்னாவின் சைட்டேஷன் எக்செல், எக்ஸ்எல்எஸ் விமானங்களுக்கும் பின்னர் இதே ஜி5000 வந்தது.

மூன்றாவது வழி, பெட்டிக்குப் பதில் பெட்டி. இதற்கு எடுத்துக்காட்டு பீச்ஜெட்டுக்கு வெளியே, ஹனிவெல் தொகுப்பு கொண்ட விமானங்களில் இருக்கிறது. ஹனிவெல் தன் டியு-870 குழாய்த்திரையின் இடத்தில் அப்படியே செருகத்தக்க டியு-875 திரவப் படிகத் திரையைப் பிரைமஸ் எலீட் என்ற பெயரில் வழங்கியது. வயரிங் பெரிதாக மாறாது, விமானி புதிதாகக் கற்பதும் கொஞ்சம்தான். ஆனால் திரைக்குப் பின்னே இருக்கும் கணினி பழையதாகவே தொடரும். விமானத்தை ஐந்தாண்டுக்குள் விற்கப்போகிறவருக்கு இதுவே பொருத்தம். பதினைந்தாண்டு வைத்திருப்பவருக்கு இது ஒத்திவைத்த செலவு.

ஹேங்கரில் நடப்பது

விற்பனைப் படங்களில் திரை மட்டுமே தெரியும். ஹேங்கரில் நேரத்தை விழுங்குவது வயரிங். விமானக் கருவிகள் தங்களுக்குள் பேசும் பொதுமுறை ஏரிங்க் 429. முறுக்கிய இரு கம்பிகளில் ஒரு கருவி பேசும், பல கருவிகள் கேட்கும். வேகம் அதிகபட்சம் நொடிக்கு ஒரு லட்சம் பிட். ஆனால் காலின்ஸும் ஹனிவெல்லும் தத்தம் தொகுப்புக்குள் சொந்தத் தரவுப்பாதைகளையும் வைத்திருந்தன. அதனால் ஒருவருடைய திரையை இன்னொருவருடைய கணினியோடு இணைப்பது எளிதல்ல. முழுத் தொகுப்பையும் ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்கச் செய்யும் வணிகப் பூட்டாகவும் அது பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எஞ்சின் வெப்பம், எரிபொருள் அளவு, மடல்களின் நிலை ஆகியவற்றைச் சொல்லும் உணரிகளில் பல தொடர்முறை மின்னழுத்தமாகவே சேதி தருபவை. அவற்றை எண்முறைக்கு மாற்ற இடைப்பெட்டிகள் வேண்டும்.

இருக்கைகள், தரைப்பலகை, உட்சுவர் எல்லாம் கழற்றப்பட்டு, கிலோமீட்டர் கணக்கில் பழைய கம்பி உருவப்படும். பழைய வீட்டில் சுவரைக் கொத்திய பிறகே எந்த ஒயர் எங்கே போகிறதென்று தெரிவதுபோல, முந்தைய உரிமையாளர்கள் வரைபடத்தில் குறிக்காமல் செய்த வேலைகளும், மறைவான துருவும் இப்போதுதான் வெளிப்படும். எனவே அனுபவமுள்ள பணிமனைகள் இவ்வேலையைக் கட்டாயப் பெரும்பரிசோதனையோடு சேர்த்தே திட்டமிடுகின்றன. எப்படியும் திறக்கவேண்டிய விமானம் ஒரே முறை திறக்கப்படும். ஆனாலும் விமானம் பல வாரங்கள் தரையில் நிற்கும்.

வேகமாகச் சுழன்ற ஜைரோக்களும், அவற்றின் தேயும் தாங்கிகளும் போய், அசையும் பாகமற்ற நுண்ணுணரிகள் வருகின்றன. எடை கணிசமாகக் குறைகிறது. கழற்றிய பெட்டிகளில் பல மூக்குப் பகுதியில் இருந்தவையாதலால் எடைமையம் பின்னோக்கி நகரும். விமானத்தை மீண்டும் தராசில் ஏற்றி ஆவணங்களைத் திருத்தவேண்டும். உயரமானி அமைப்பைத் தொட்டிருந்தால் ஆர்விஎஸ்எம் தகுதியையும் புதிதாக நிறுவவேண்டும்.

சான்றிதழ்

விமானத்தின் மூல வடிவமைப்புக்கு வகைச் சான்றிதழ் இருக்கும். அதை வேறொருவர் மாற்றியமைக்க, துணை வகைச் சான்றிதழ் தேவை; தொழிலில் எஸ்டிசி என்றே சொல்வார்கள். அமெரிக்காவில் எஃப்ஏஏ, ஐரோப்பாவில் ஈயாசா, இந்தியாவில் டிஜிசிஏ இதற்குப் பொறுப்பு. ஒருமுறை பெற்ற எஸ்டிசியை அதே வகை விமானங்கள் அனைத்திலும் பயன்படுத்தலாம். வளர்ப்புச் செலவு அத்தனைக்கும் பங்கிடப்படும். ஆகவே எண்ணிக்கை மிகுந்த விமானங்களுக்கே நல்ல மேம்பாடுகள் கிடைக்கின்றன. தொழில்நுட்பம் ஒன்றேயானாலும், முப்பது நாற்பது மட்டும் மிஞ்சியிருக்கும் அரிய விமானத்துக்கு யாரும் எஸ்டிசி எடுக்க முன்வருவதில்லை.

மென்பொருளுக்கு டிஓ-178சி, வெப்பம், அதிர்வு, மின்னல் போன்ற சூழல் சோதனைகளுக்கு டிஓ-160 ஆகியவை அளவுகோல்கள். பிழையானால் விமானத்தையே இழக்கச் செய்யும் மென்பொருள் ‘ஏ’ நிலையில் வைக்கப்பட்டு, மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும். கையில் வைத்திருக்கும் டேப்லட் சில ஆயிரம் ரூபாய்க்குக் காட்டும் அதே வரைபடத்துக்கு விமானத்தில் லட்சக்கணக்கான டாலர் ஏன் என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

விமானிகளின் பயிற்சியை வாங்குபவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பயிற்சி மையங்களிலுள்ள சிமுலேட்டர்கள் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்த பழைய விமானி அறையின் நகல்கள். மேம்படுத்திய விமானத்தின் விமானி பழைய முள்மானிகளில் ஆண்டுப் பயிற்சி முடித்து, புதிய திரைக்கு வேறுபாட்டுப் பயிற்சி தனியே பெறவேண்டியிருக்கும்.

கிடைக்கும் பலன்

மேகத்துக்குள்ளும் மலையையும் ஓடுபாதையையும் வரைந்து காட்டும் செயற்கைக் காட்சி பலரையும் கவர்கிறது. நடைமுறையில் அதிகம் உதவுவது எல்பிவி எனும் இறங்குமுறை. தரையில் வழிகாட்டும் கருவி எதுவுமில்லாத சிறு விமான நிலையத்திலும், செயற்கைக்கோள் திருத்த சமிக்ஞையை வைத்து, சூழல் ஒத்துழைத்தால் 200 அடி வரை இறங்கிப் பார்க்கலாம். அந்தச் சமிக்ஞையைத் தரும் அமெரிக்காவின் வாஸ் அமைப்பு 2003இல் செயற்பாட்டுக்கு வந்தது. இதே பணியைச் செய்யும் இந்தியாவின் ககன் அமைப்பை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கின. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன்வழி எல்பிவி முறையில் இறங்கியது. இம்முறைக்குரிய ஏற்பி புரோலைன் 4 காலத்துக் கணினிகளில் இல்லை.

செலவும் கைவிடலும்

மேம்பாட்டுக்குப் போட்ட பணம் முழுவதும் விற்பனையில் திரும்புவதில்லை. விமானத்தின் சந்தை மதிப்பில் கணிசமான பங்கைத் திரைகளுக்கே செலவிடுவது, அதை நெடுங்காலம் ஓட்டுபவருக்கே கட்டுபடியாகும். எஞ்சின் முழுச்சீரமைப்புக்கு நெருங்கிய விமானத்தில் ஏவியானிக்ஸைத் தொடாமலிருப்பதே புத்திசாலித்தனம். அரசுகளும் இந்தக் கணக்கில் இடறுவதுண்டு. பீச்ஜெட்டின் படைத்துறை வடிவமான டி-1ஏ ஜேஹாக் பயிற்சி விமானங்களுக்கு அமெரிக்க விமானப்படை புரோலைன் 21 பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. பணி நடந்துகொண்டிருக்கும்போதே அந்த விமானங்களை ஓய்வுக்கு அனுப்பும் முடிவும் வந்தது.

கழற்றப்பட்ட பழைய பெட்டிகள் குப்பைக்குப் போவதில்லை. இயங்கும் நிலையிலுள்ள குழாய்த்திரைகளும் ஆட்டோபைலட் கணினிகளும் உதிரிபாக வணிகர்களிடம் விற்கப்பட்டு, அல்லது புதிய தொகுப்பின் விலையில் கழிக்கப்பட்டு, இன்னும் மாறாத விமானங்களுக்கு மாற்றுப்பாகங்களாகின்றன. இதனால் மேம்படுத்தும் விமானங்கள் கூடும் ஆண்டுகளில் பழைய பாகங்களின் தட்டுப்பாடு சற்றுத் தணிகிறது. மாற்றாமல் காத்திருப்பவர்களின் முடிவும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது.