கோபுரத்துக்கு லாட்டரி, கிரிக்கெட்டுக்குத் தடை

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலோட 134 அடி ராஜகோபுரத்தைப் பார்த்திருப்பீங்க. அதைக் கட்டி முடிக்கப் பணம் சேர்த்த வழிகள்ல ஒண்ணு, லாட்டரி! 1870-களில், ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்துல, திருவிதாங்கூர்ல ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றார்கள்.

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. கேரளா 1967-ல் அரசு லாட்டரி தொடங்கி இன்னைக்கும் நடத்துது. தமிழ்நாடு 1968-ல் தொடங்கி 2003-ல் மூடிடுச்சு. களியக்காவிளை தாண்டினா டிக்கெட் கடை. இந்தப் பக்கம் வித்தா கேஸ்.

சரி, விளையாட்டுப் பந்தயம்? பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியல்ல 34-வது இனம். அதனால முடிவு சென்னையில. இங்கே அடிப்படை, 1930-ம் வருஷ சூதாட்டச் சட்டம். அது எழுதப்பட்டப்போ சுசீந்திரம் அந்த மாகாணத்திலேயே இல்லைங்கிறது வேற கதை. அந்தச் சட்டப்படி பந்தயம் கட்டுறதும் சூதாட்டம்தான். வெறும் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த 'திறமை'ங்கிற ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை சண்டையும். 1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுறதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிண்டி ரேஸ் கிளப்பையே எடுத்துக்க இன்னொரு சட்டம் போட்டது. கிளப் தரப்பு உச்ச நீதிமன்றம் போச்சு. 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம். ஜாக்கிக்குத் திறமை வேணும், ஒத்துக்கிறேன். கேலரியில உட்கார்ந்து பணம் கட்டுறவருக்கு? குதிரையோட வம்சம், பயிற்சி, பழைய ஓட்டம் எல்லாம் பார்த்துக் கணிக்க அவருக்கும் வாய்ப்பு இருக்குன்னு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. அப்போ பிட்ச் ரிப்போர்ட்டைக் கரைச்சுக் குடிச்ச நம்ம பசங்க மட்டும் என்ன பாவம் செஞ்சாங்க? எனக்கு அந்த வாதம் இன்னும் முழுசா ஒப்பலை. ஆனா பின்னாடி ரம்மி கம்பெனிகள் கோர்ட்ல தூக்கிப் பிடிச்ச கேடயம் இதுதான்.

கிரிக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவே இல்லை. பெட்டிங் விவகாரத்துல 2015-ல் சிஎஸ்கே ரெண்டு வருஷம் வெளியே உட்கார்ந்தது. அடுத்த வருஷமே, பெட்டிங்கைச் சட்டபூர்வமாக்கலாம்னு அதே லோதா கமிட்டி சொல்லிச்சு. தமிழ்நாடு அந்தப் பக்கமே போகலை.

2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல்ல ஆளுநர் ஒப்புதல் வாங்கின மாநிலச் சட்டப்படி, ஆன்லைன்ல சூதாடுறவருக்கே மூணு மாசம் வரை சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம். 2025 ஆகஸ்ட்ல ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் வேற மாதிரி. திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வியே கிடையாது. ஆன்லைன்ல பணம் வச்சு ஆடுற ஆட்டத்துக்கே தடை. ஆட்டத்தை நடத்துறவருக்கு மூணு வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுறவருக்குத் தண்டனை இல்லை.

சுசீந்திரம் டீக்கடையில ரெண்டு பேர் ஐபிஎல் மேட்சுக்கு ஆயிரம் ரூபாய் கட்டினா? ஜெயிச்சவருக்குப் பணம் வரலைன்னா கோர்ட்டுக்குப் போக முடியாது. பந்தய ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872 ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவு சொல்லுது. அதே பிரிவில் ஒரே ஒரு விதிவிலக்கு: 500 ரூபாயோ அதுக்கு மேலயோ உள்ள ஒரு பரிசுக்குச் சந்தா போடுறது. எந்தப் பரிசு? குதிரைப் பந்தயப் பரிசு!